ஜோலார்பேட்டை கரிக் கணக்கு

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன் போன மாதம் ஒரு கேள்வியோடு வந்தான். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு ஜோடி ஷூவுக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்று கேட்கிறார்களாம். தோலுக்கு ஒரு படிவம், மின்சாரத்துக்கு ஒரு படிவம், லாரிக்கு ஒன்று. நிரப்பி நிரப்பிச் சலித்தவனுக்கு ஒரு சந்தேகம். "தாத்தா, அந்தக் காலத்துல தோலெல்லாம் ரயில்லதானே போச்சு? கரி வண்டிதானே? அது விட்ட புகைக்கு கவர்மெண்டுல கணக்கு இருக்குமா?"

"புகைக்குக் கணக்கு இல்லப்பா. கரிக்கு உண்டு. கரியிலேர்ந்து புகையைப் பெருக்கி எடுத்துக்கலாம்" என்றேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. வேலை நாளெல்லாம் பேரேட்டோடு கழித்தவனுக்கு ஒரு கணக்கு பாதியில் நின்றால் ராத்திரி தூக்கம் வராது. அதனால் இந்த மாதம் என் பாண்டிச்சேரிப் பள்ளிக் கதைகளுக்கு லீவு.

நம் பக்கத்து ரயில் கதையிலிருந்து தொடங்குகிறேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பியது. ஆளுநர் ஹாரிஸ் பிரபு தொடங்கி வைத்தார். சுமார் 65 மைல் தூரத்தில் வாலாஜா ரோடு வரை தண்டவாளம். அன்று அந்த ஸ்டேஷனுக்கு ஆற்காடு என்றே பெயர். அந்த முதல் ரயில் ஆம்பூர் வரை வந்ததாக நம் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அவர்கள் பெருமையைக் கெடுக்க மனமில்லை, ஆனாலும் ஆம்பூருக்குத் தண்டவாளம் வந்தது அதற்குப் பிறகுதான். 1860களின் தொடக்கத்தில் பாதை சேலம் வழியாக மேற்குக் கடற்கரையில் பேப்பூரைத் தொட்டுவிட்டது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்டுக்கு ஒரு கிளை பிரிந்தது.

தோல் தொழில் இந்தப் பாதையின் மேல் ஏறி உட்கார்ந்துதான் வளர்ந்தது என்பது என் கட்சி. பச்சைத் தோல் வெளியூரிலிருந்து ரயிலில் வந்தது. ஆவாரம்பட்டை, கடுக்காய் வந்தன. அரைப்பதனிட்ட தோல் கட்டுக்கட்டாகச் சென்னைத் துறைமுகத்துக்குப் போய் லண்டனுக்குக் கப்பல் ஏறியது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் இருக்கும். ரயில் இல்லாத பேரணாம்பட்டுச் சரக்கு மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்கு வந்து சேரும். ஆக, பையன் கேட்டது நியாயமான கேள்வி. லண்டன் கடையில் விற்ற ஒவ்வொரு தோலின் பின்னாலும் ஒரு எஞ்சின் புகை விட்டிருக்கிறது.

ஆனால் அந்த எஞ்சினுக்குள் எரிந்தது எப்போதும் நிலக்கரி அல்ல. சென்னை ராஜதானியில் நல்ல சுரங்கம் கிடையாது. வேல்ஸ் நாட்டுக் கரி கப்பலில் வரவேண்டும், விலை கையைக் கடிக்கும். வங்காளத்து ராணிகஞ்ச் கரியும் தொலைவு. நிஜாம் சீமையில் யெல்லந்து பக்கம் 1871இல் வில்லியம் கிங் என்ற புவியியலாளர் நிலக்கரி கண்டுபிடித்தார், ஆனால் சிங்கரேணிச் சுரங்கம் வெட்டத் தொடங்கியது 1880களின் கடைசியில். அதுவரை நம் ரயில்கள் பெருமளவுக்கு விறகில் ஓடின. சென்னையின் முதல் வனப் பாதுகாவலர் ஹியூ கிளெகார்ன், 1856இல் பதவிக்கு வந்த ஸ்காட்லாந்து டாக்டர், மரங்கள் நிறைந்திருந்த வடஆற்காட்டு மலைகள் ரயில்வேயின் பசிக்கு வெட்டவெளியாகிக்கொண்டிருப்பதை எழுதி வைத்திருக்கிறார். தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலீப்பர் கட்டைகளுக்கு மட்டும் ராஜதானிக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கட்டை, அதாவது 35,000 மரம் வேண்டும் என்பது அக்காலக் கணிப்பு. விறகு இதற்கு மேல். கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு ரயில்வே விறகும் ஒரு காரணம்.

கணக்குப் போடுகிறவனுக்கு இங்கேயே முதல் முள். காய்ந்த விறகிலும் ஏறத்தாழ பாதி எடை கார்பன்தான். நல்ல நிலக்கரி ஒரு டன் செய்யும் வேலைக்கு விறகு இரண்டு டன் வேண்டும். ஆக, புகைபோக்கியில் நின்று பார்த்தால் விறகு வண்டி கரி வண்டிக்குக் குறைந்ததல்ல. ஆனால் இன்றைய உலகக் கணக்கு விதிப்படி விறகுப் புகையைப் போக்குவரத்துக் கணக்கில் எழுதக் கூடாது, காட்டுக் கணக்கில் எழுத வேண்டும். மரம் மறுபடி வளர்ந்தால் வாயுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், வளராவிட்டால் காடு குறைந்த தலைப்பில் பற்று என்பது அதன் தர்க்கம். தர்க்கம் சரிதான். ஜவ்வாது மலையில் எத்தனை ஏக்கர் திரும்ப வளர்ந்தது என்று 1870இல் யாராவது அளந்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

இனி பெருக்கலுக்கு வருகிறேன். பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வேதியியல் எனக்கு முதலில் பிரெஞ்சில்தான் அறிமுகம். கரியமில வாயு என்ற சொல் பிறகு வந்தது, அதற்கு முன் 'காஸ் கார்போனிக்'. வாத்தியார் பலகையில் 12 என்று எழுதி, அதோடு இரண்டு 16 கூட்டி 44 என்பார். பன்னிரண்டு கிராம் கார்பன் எரிந்தால் நாற்பத்து நான்கு கிராம் வாயு. மீதி எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். எரிந்தால் எடை குறையும் என்று நினைத்துக்கொண்டிருந்த பையன்கள் வாயைப் பிளந்தோம். "எடை எங்கும் போகாது, இடம் மாறும்" என்று லவாய்சியே பெயரைச் சொல்லி அவர் மேசையைத் தட்டுவார்.

அதே பெருக்கலை ஒரு எஞ்சினுக்குப் போடலாம். 1947 முதல் இந்தியாவில் ஓடிய டபிள்யூ.பி. வகை எஞ்சினை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குண்டு மாதிரி மூக்கு, அதில் நட்சத்திரம். அதன் டெண்டரில் ஏறத்தாழ 15 டன் கரி பிடிக்கும். கரியில் பாதி கார்பன் என்று வைத்தால் ஏழரை டன். அதை 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் இருபத்தேழரை டன் கரியமில வாயு. டெண்டரில் ஏற்றியதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஷெட்டில் நாளைக்குப் பத்து டெண்டர் நிரம்புகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் வாயு. ஒரே ஒரு ஷெட்.

என் தாய்மாமன் ஜோலார்பேட்டை லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். பள்ளி லீவுக்குப் பாண்டியிலிருந்து விழுப்புரம் வந்து, அங்கே மீட்டர்கேஜ் வண்டி பிடித்து, திருவண்ணாமலை வழியாக வேலூர், காட்பாடி என்று அவர் வீட்டுக்குப் போவோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். அம்மா முந்தானை நுனியை உருட்டி ஊதி எடுப்பாள். மாமாவுக்குக் கரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிற்காது. "மாப்ளே, எல்லாக் கரியும் கரியில்லை. நல்ல கரி வந்தா நாலு அள்ளு போட்டுட்டு நிமிர்ந்து நிக்கலாம். மண்ணுக் கரி வந்துதுன்னு வச்சுக்க, முதுகு போச்சு. பாதி சாம்பல், பாதி கல்லு. கிளிங்கர் கட்டிக்கும், குத்தி எடுக்கணும்."

அவர் முதுகில் உணர்ந்ததுதான் கணக்கில் இரண்டாவது முள். வேல்ஸ் கரியில் கார்பன் எண்பது சதவீதத்துக்கு மேல். ஒரு டன் எரித்தால் மூன்று டன் வாயு வரும். சாம்பல் மிகுந்த நம் நாட்டுக் கரி ஒரு டன்னுக்கு ஒன்றே முக்கால், இரண்டு. பதிவேட்டில் 'கரி, இத்தனை டன்' என்று மட்டும் எழுதி, எந்தச் சுரங்கம் என்ற பத்தி காலியாக இருந்தால் விடை ஒன்றரை மடங்கு கூடலாம் குறையலாம். ஒரு பத்தியை நிரப்பாத குமாஸ்தா எழுபது வருடம் கழித்து இப்படி வந்து நிற்பான். இந்தச் சிக்கலுக்காகவே பன்னாட்டு விதிகள் டன்னை விட்டுவிட்டு வெப்பத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 2006ஆம் ஆண்டு வழிகாட்டியில் ரயில் எஞ்சின் கரிக்கு ஒரு டெராஜூல் வெப்பத்துக்கு 96,100 கிலோ வாயு, டீசலுக்கு 74,100 கிலோ. சாம்பலுக்கு வெப்பம் கிடையாது, அதனால் கல்லும் மண்ணும் தாமாகவே கழிந்துவிடும்.

ரயில்வே கணக்கில் வேறொரு நல்ல பழக்கம் இருந்தது. ஒவ்வொரு ட்ரிப்புக்கும் இவ்வளவு கரி என்று ரேஷன் உண்டு. ஆயிரம் டன் எடையை ஒரு கிலோமீட்டர் இழுக்க எத்தனை கிலோ கரி என்று மாதாமாதம் கணக்கெடுத்தார்கள். மிச்சம் பிடித்த டிரைவருக்கு நல்ல பேர், மீறியவரிடம் விளக்கம் கேட்பார்கள். அவர்கள் கவலை முழுக்கக் காசு. காற்றைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கு நமக்குக் கையில் கிடைக்கும் ஆதாரம் அந்தக் காசுக் கவலைதான்.

காற்றைப் பற்றி நினைத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். 1896இல் ஸ்வீடனில் அர்ரேனியஸ் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கிட்டபோது, அவர் நண்பர் ஹோக்போம் உலகம் ஆண்டுக்கு 50 கோடி டன் நிலக்கரி எரிக்கிறது என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, அது காற்றிலிருக்கும் வாயுவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று காட்டினார். 1938இல் இங்கிலாந்தில் காலெண்டர் அரை நூற்றாண்டில் மனிதர்கள் 15,000 கோடி டன் வாயுவைக் காற்றில் சேர்த்திருக்கிறார்கள் என்று கூட்டிச் சொன்னார். இந்தக் காலெண்டர் வானிலை ஆராய்ச்சியாளர் அல்ல, நீராவி எஞ்சினியர். எரிபொருள் விற்பனைக் கணக்கைக் கூட்டிப் பெருக்கித்தான் அவரும் அந்த எண்ணுக்கு வந்தார். நம் தொழில்தான்.

ஜோலார்பேட்டைக்குத் திரும்புகிறேன். ஷெட்டுக்கு வெளியே சாம்பல் குழி. எஞ்சின் அடுப்பைத் தட்டிக் கொட்டிய சூட்டோடு பெண்களும் பிள்ளைகளும் கூடையோடு வந்துவிடுவார்கள். சாம்பலுக்குள் பாதி எரிந்த கரித்துண்டு இருக்கும், அதைப் பொறுக்கிக் கொண்டுபோய் வீட்டு அடுப்பில் போடுவார்கள், விற்கவும் செய்வார்கள். ஓடும் வண்டியிலிருந்து மண்வெட்டி தவறி இரண்டு கட்டி கீழே விழுவதும் உண்டு, அது எப்போதும் தவறித்தான் விழுந்ததா என்று மாமாவிடம் கேட்டால் சிரிப்பார். ரயில்வே பதிவேட்டில் அது எஞ்சினுக்குக் கொடுத்த கரி. நிஜத்தில் அது யாரோ வீட்டில் உலை கொதிக்கவைத்த கரி. போக்குவரத்தில் எழுதுவதா, சமையலில் எழுதுவதா? மாநில மொத்தம் மாறாது, தலைப்பு மாறும். தலைப்புதானே என்று சாதாரணமாக நினைக்க வேண்டாம். எந்தத் தலைப்பில் எழுதுகிறோமோ அந்தத் தலைப்புக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது முள் எல்லை. பையன் 'நம்ம ஸ்டேட்டுக்கு' என்று கேட்டான். எந்த ஸ்டேட்? சித்தூர் 1911 வரை நம் வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. ஆந்திரம் 1953இல் பிரிந்தது. மலபார் 1956இல் கேரளத்துக்குப் போனது. ரயில்வேயோ மாநிலத்தைக் கண்டுகொள்வதே இல்லை. 1951 ஏப்ரல் 14இல் மூன்று ரயில்வேக்களைச் சேர்த்துத் தெற்கு ரயில்வே உண்டானபோது மைசூர் ரயில்வேயும் அதற்குள் வந்தது. அதன் மொத்தக் கரியைத் தமிழ்நாட்டுப் பங்கு என்று பிரித்தெடுக்க எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது.

கிலோமீட்டரை வைத்துப் பிரித்துவிடலாமே என்று தோன்றும். ஜோலார்பேட்டையில் கரி ஏற்றிய எஞ்சின் பெங்களூருக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்வோம். கொஞ்ச தூரம் தமிழ்நாடு, நடுவில் குப்பம், அது ஆந்திரம், அப்புறம் பங்காருபேட்டை, கர்நாடகம். ஒரே டெண்டர், மூன்று மாநிலம். ஜோலார்பேட்டை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம், பெங்களூர் 900. அந்த ஐந்நூறு மீட்டர் வழி முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை, தொடக்கத்தில் மலை ஏறும் பகுதியில் எஞ்சின் மூச்சு வாங்கும். ஃபயர்மேன் அங்கேதான் மண்வெட்டியைக் கீழே வைக்காமல் அள்ளுவார். திரும்பி வரும்போது அதே எஞ்சின் இறக்கத்தில் நோகாமல் வரும். சமமாகக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஏற்றத்தில் இருக்கும் ஊருக்குக் குறைத்து எழுதிவிடுவோம். ஏற்றத்துக்குத் தனி விகிதம் போட்டுப் பிரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பழைய ட்ரிப் ரேஷன் பட்டியல் கிடைத்தால் முடியும், ஏனென்றால் அதில் மேலே போக ஒன்று, கீழே வர ஒன்று என்று தனித்தனியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே ரேஷன் என்றால் எந்த டிரைவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கிடைத்தால் என்று எழுதும்போதே கை தயங்குகிறது. எங்கள் வருவாய்த் துறையில் ஒரு கோப்பு முடிந்தால் அதன் தலையெழுத்தை அன்றே எழுதிவிடுவோம். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். டி.டிஸ். பத்து ஆண்டு. கே.டிஸ். மூன்று. எல்.டிஸ். ஒன்று. அதன் பிறகு மூட்டை கட்டி எடைக்குப் போடுவார்கள் அல்லது எரிப்பார்கள். ரயில்வேக்கு விதிகள் வேறு, ஆனால் கரிச் சீட்டு போன்ற அன்றாடத் தாளுக்கு எந்த அலுவலகமும் நீண்ட ஆயுள் கொடுப்பதில்லை. ஆண்டறிக்கையில் மொத்தத் தொகை மட்டும் தங்கும். அந்தச் சீட்டு எழுதிய அன்று புகைபோக்கியில் போன வாயுவில் ஒரு பங்கு இன்னும் நம் தலைக்கு மேலே இருக்கிறது, நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். ஹவாய்த் தீவில் 1958இல் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. சீட்டு கே.டிஸ்., புகை ஆர்.டிஸ்.

சாலைப் பக்கமும் ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பஸ்களின் பின்னால் உருளை அடுப்பு மாட்டி, அடுப்புக்கரியை மூட்டி, அந்த வாயுவில் ஓட்டினார்கள். ஏற்றத்தில் ஆட்கள் இறங்கித் தள்ளிய கதைகள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது மரக்கரி, ஆகவே மறுபடி காட்டுக் கணக்கு.

நீராவியின் முடிவை எண்களே சொல்லும். இந்திய ரயில்வேயில் 1950-51இல் 8,120 நீராவி எஞ்சின்கள். 1960-61இல் 10,312. 1970-71இல் 9,387. 1980-81இல் 7,469. 1990-91இல் 2,915. அகலப்பாதைக்கான கடைசி எஞ்சினைச் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1970இல் கட்டி முடித்தது. நம் பக்கம் 1980களில் அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை என்று மின்கம்பி வந்தது, ஷெட்டின் புகை நின்றது. மாமாவின் வீட்டுச் சுவரை அப்புறம்தான் வெள்ளையடிக்க முடிந்தது.

நாட்டின் வாயுக் கணக்கை முறையாக எடுக்கத் தொடங்கியது இதற்கெல்லாம் பிறகு. ஐ.நா.வுக்கு இந்தியா கொடுத்த முதல் அறிக்கையின் அடிப்படை ஆண்டு 1994. மாநில வாரியாகப் பிரித்துப் பார்க்கும் மதிப்பீடுகள் பெரும்பாலும் 2005இலிருந்து. அதாவது, தராசு கடைக்கு வருவதற்குள் சரக்கு விற்றுத் தீர்ந்துவிட்டது. 2007ஆம் ஆண்டுக்கான தேசியக் கணக்கில் போக்குவரத்துக்கு 14.2 கோடி டன், அதில் சாலை 87 சதவீதம், ரயில் 5 சதவீதம். ரயில் எவ்வளவு யோக்கியம் என்று தோன்றும். ஆனால் அந்த ஐந்து சதவீதம் எஞ்சினில் நேரடியாக எரிந்த எரிபொருள் மட்டுமே. மின்சார ரயில் வாங்கும் மின்சாரத்தின் புகை மின்நிலையத் தலைப்பில் போய்விடுகிறது. நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு, பெரும்பாலும் நிலக்கரியால்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், இது வெறும் தலைப்பு மாற்றம் அல்ல. நீராவி எஞ்சின் கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறோ எட்டோதான் வேலையாக மாற்றும். மின்நிலையத்தில் எரித்துக் கம்பி வழியாகக் கொண்டுவந்தால் எல்லாச் சேதாரமும் போக இருபத்தைந்து அளவுக்குத் தேறும். அதே தோல் கட்டை அதே சென்னைக்கு இழுக்க இன்று மூன்றில் ஒரு பங்கு கரி போதும். ஆனால் பூஜ்யம் என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பாலாற்றில் தோல் கழிவு விட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபோது, யார் வீட்டுக் குழாயிலிருந்து வந்தது என்று காட்ட முடிந்தது, அதனால் பில் போட முடிந்தது. புகைக்கு அப்படிக் குழாய் கிடையாது, பேரேடுதான் குழாய்.

தமிழ்நாட்டில் கரியில் ஓடும் ரயில் அடியோடு ஒழிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. நீலகிரி மலை ரயிலின் பழைய எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதற்கு நடுவில் 2021இல் திருச்சி பொன்மலைப் பணிமனை கரியில் ஓடும் புது எஞ்சின் ஒன்றையே கட்டி அனுப்பியது. அதன் கரிக்குச் சரியான சீட்டு எழுதிவைப்பது சுலபம், ஒரே எஞ்சின், ஒரே மலை, ஒரே மாநிலம். சுரங்கத்தின் பெயரையும் சேர்த்து எழுதினால் நல்லது.

எங்கள் பாதையில் கரி நின்றபாடில்லை. எண்ணூர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி அரக்கோணம், காட்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை, சேலம் என்று மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. இழுப்பது மின்சார எஞ்சின். போன வாரம் ஆம்பூர் பிளாட்பாரத்தில் பெங்களூர் வண்டிக்குக் காத்திருந்தபோது ஒன்று கடந்தது. எண்ணினேன், ஐம்பத்தெட்டு வேகன். வேகனுக்கு அறுபது டன் என்றாலும் 3,480 டன். பையனுக்குப் போன் போட்டு, உங்கள் படிவத்தில் மின்சாரம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இதை எழுத இடம் இருக்கிறதா என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றான்.